பொழுது சாய்வதற்குள் ஒரு நெருப்பு

இடுப்பளவு தண்ணீரிலிருந்து ஜெயபால் படியேறி வந்தார். இரண்டு கைகளும் தலைக்கு மேல் உயர்ந்திருந்தன. கைகளில் நீலத்தாள் சுற்றிய ஒரு தீப்பெட்டிப் பண்டல்.

படியின் உச்சியில் அவர் மனைவி ராஜமதி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நான். கீழ்வீட்டு அலமாரியிலிருந்து அதை மீட்டு வரும்படி அவரை இறக்கிவிட்டது அவள்தான்.

“பாத்துக்கோ ராஜி, ஒரு சொட்டு படல” என்று பண்டலை இன்னும் ஒரு முழம் உயர்த்திக் காட்டினார்.

மாடிப்படிக்கு மேல் வெயிலுக்காக ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தோம். இரவு முழுக்கப் பெய்த மழை அதில் தேங்கி, பாய் நிறைமாத வயிறுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. பண்டல் அதன் அடியில் இடித்தது. ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்தது. இரவு மழை மொத்தமும் ஒரே தவணையில் ஜெயபாலின் தலையில் இறங்கியது.

ராஜமதி அவருடைய முழங்கை வழியாக நீலச் சாயம் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீதான எடுத்தாரச் சொன்ன?” என்றார் ஜெயபால்.

“எடுத்தாரச் சொன்னேன். அபிஷேகம் பண்ணச் சொன்னனா?”

கூடத்தில் கரையைக் கடந்த புயல்

சென்ற வாரங்களில் விழுப்புரம் செய்தி அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தைப் பற்றிச் சொல்லிவந்தேன். இது ஓய்வுபெற்று, திண்டிவனத்தில் ஜெயபாலின் வீட்டு மாடியில் குடியேறிய பிறகு நடந்தது. சில ஆண்டுகள்தான் ஆகின்றன. கார்த்திகைக்குச் சற்று முன்போ பின்போ.

அந்தப் புயல் எங்கே கரையைக் கடந்தது என்பதை அன்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். எங்களைப் பொறுத்தவரை அது ஜெயபால் வீட்டுக் கூடத்தில் கரையைக் கடந்தது. விடிவதற்குச் சற்று முன் ஏரித் தண்ணீர் வாசலைத் தாண்டி, சோபாவைத் தூக்கி, பூஜை அறைக்குள் நுழைந்தது.

கீழிருந்து மூன்று பேர் மாடிக்கு வந்தார்கள். ஊருக்குள் பெயின்ட் கடை வைத்திருக்கும் ஜெயபால். அவர் மனைவி ராஜமதி. கண்புரை பார்க்க செஞ்சிப் பக்கத்து கிராமத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ராஜமதியின் தந்தை, தரணேந்திர நயினார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

அவசரத்தில் மனிதர்கள் எதை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்பதைக் கவனிப்பது என் பழைய தொழில். ராஜமதி நகைகளையும் மாவு சல்லடையையும் எடுத்து வந்தாள். நயினார், தான் மகளுக்காகக் கொண்டுவந்த மல்லாட்டை மூட்டையை (வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர்) விடமாட்டேன் என்று அதைப் பிடித்துக்கொண்டே ஏறினார். ஜெயபால் டிவி ரிமோட்டைக் கொண்டுவந்தார். டிவி கீழேயே இருந்தது. கூடவே, கறுப்பு பாலிதீன் உறையில் இறுக்கிச் சுற்றி ரப்பர் போட்ட ஒரு சிறிய பொட்டலம். “வண்டி பேப்பரு” என்று சொல்லி அதை என் பீரோவின் மேல், கை எட்டாத மூலையில் வைத்தார்.

கீழேயே தங்கிவிட்ட பொருள்களில் முக்கியமானது நயினாரின் பல் செட். டம்ளரில் போட்டு ஜன்னலோரம் வைத்திருந்தார். டம்ளர் மிதந்து போனதை அவரே பார்த்தாராம்.

எனக்குள்ள வரல

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். இவர்கள் தமிழ்ச் சமணர்கள். செஞ்சியைச் சுற்றி நெடுங்காலமாக நிலம் வைத்துப் பயிர் செய்பவர்கள். பொழுதோடு சாப்பிடுவது வழக்கம். சூரியன் மறைந்துவிட்டால் அடுத்த விடியல்வரை வாயில் ஒன்றும் போகாது. ஜெயபாலும் ராஜமதியும் ஊருக்கு வந்தபின் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்கள். நயினார் தளர்த்தவில்லை. மனைவி காலமானதிலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டுமே குடிப்பார்.

முந்தின நாள் பொழுது சாய்வதற்கு முன் குடித்ததுதான் அவர் குடித்த கடைசித் தண்ணீர். அன்று காலை அடுப்பு மூட்டுமுன் வெள்ளம் வந்துவிட்டது. அன்றைய பொழுதும் போய்விட்டால் மறுநாள் விடியல்தான்.

மத்தியானம் அவர் எழுந்தபோது ஒரு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடுகள் வெடித்திருந்தன. ராஜமதி மாடித் தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து நீட்டினாள்.

“ஆபத்துக்குப் பாவமில்லப்பா. இன்னிக்கி ஒரு நாளு. வெள்ளம் வந்துருச்சின்னு சாமிக்குத் தெரியாதா?”

“வெள்ளம் வூட்டுக்குள்ள வந்துச்சி,” என்றார் நயினார். “எனக்குள்ள வரல.”

ஒரு நெருப்பு வேண்டும். பொழுது சாய்வதற்குள் வேண்டும்.

என் சமையலறையில் கேப்பை மாவு இருந்தது, பாத்திரம் இருந்தது, ஒரு மெழுகுவத்திகூட இருந்தது. அடுப்பு மட்டும் கரன்ட் அடுப்பு. நான் சாமி கும்பிடுவதில்லை, புகைபிடிப்பதில்லை, கொசுவுக்கும் மின்சாரத்தில்தான் மருந்து. மின்சாரம் இருக்கும்வரை இது மிக நாகரிகமான வாழ்க்கை.

எதிர் வீட்டு மொட்டை மாடியில் செல்வம் என்பவர் குடையோடு நின்றிருந்தார். தெரு முழுக்க ஓடிய தண்ணீருக்கு மேலாக ராஜமதி கத்தினாள்.

“அண்ணே! தீப்பெட்டி இருக்குதா?”

“அதத்தான் நானும் உங்களக் கேக்கலாம்னு நின்னுகினு இருக்கேன்!”

காரணமின்றிப் பற்றும் மாவட்டம்

என் வேலைக்காலத்தில் இந்த மாவட்டத்தில் தீப்பிடிக்காத பொருள் இல்லை. வைக்கோல் போர், கூரை வீடு, கரும்புத் தோட்டம், பஞ்சர் கடை. நிருபர்கள் அனுப்பும் செய்திகளில் தீ எப்போதும் ‘திடீரென’ப் பற்றி ‘மளமளவென’ப் பரவும். காரணம் தெரியவில்லை என்று முடியும். அந்த ‘மளமளவென’வை நான் எத்தனை முறை அடித்து நீக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. மறுநாள் அது திரும்ப வரும்.

அன்று நான்கு பேர், தெளிவான காரணத்தோடு, மத்தியானம் முழுக்க முயன்றும் ஒரு பொறி பற்றவில்லை.

முதலில் ஜெயபால் நனைந்த தீக்குச்சிகளை என் தலையணைக்கடியில் வைத்து உட்கார்ந்து காயவைத்தார். குச்சிகள் சூடாயின. மருந்து தனியாகவும் குச்சி தனியாகவும் பிரிந்து வந்தது.

அடுத்து என் மூக்குக்கண்ணாடி. அதை வாங்கிக்கொண்டு பால்கனியில் நின்று வானத்தை நோக்கிப் பிடித்தார்.

“ஏங்க, சூரியன் வேணும் அதுக்கு,” என்றாள் ராஜமதி.

“மேகத்துக்குப் பின்னால இருக்குதில்ல?”

“பின்னால இருக்கறவரு முன்னால வந்தா எங்கப்பாவுக்கு ஒரு பேஜாரும் இல்லியே.”

பிறகு இரண்டு கருங்கல் ஜல்லிகள். பொறி வந்தது. பார்த்தோம். அது வந்த இடத்திலேயே அணைந்தது. ஜெயபாலின் கட்டைவிரல் நகம் கறுத்ததுதான் மிச்சம்.

குயிலாப்பாளையத்தில் கை தட்டியது

“அக்கா, நீங்க ஒரு வாட்டி இதப் பத்தி எழுதினீங்களே,” என்று திடீரென்று ராஜமதி என்னைப் பார்த்தாள். “கட்டையத் தேச்சி நெருப்பு பண்றது. படம்லாம் போட்டு.”

எழுதியது உண்மை. குயிலாப்பாளையம் பக்கத்தில் ஒரு சவுக்குத் தோப்பில், சென்னையிலிருந்து வந்த இளைஞர்களுக்கு ஒருவர் காட்டில் உயிர் பிழைக்கும் கலையைச் சொல்லிக்கொடுத்தார். தாடி வைத்திருந்தார். இடுப்பில் ஒரு கத்தி. ஒரு குச்சியை வில்லின் நாணில் சுற்றி, பலகைக் குழியில் நிறுத்தி, வில்லை முன்னும் பின்னும் இழுக்கவேண்டும்.

காலையில் ஆரம்பித்தார்கள். உச்சிவேளைக்குப் புகை வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் புகைப்படக்காரர் படம் எடுத்தார். புகை நின்றது. இந்தப் பகுதியில் ஈரப்பதம் அதிகம் என்றார் தாடிக்காரர். சாப்பாடு கேஸ் அடுப்பில் தயாராகி வேனில் வந்தது.

‘தீ மூட்டும் பயிற்சி: இளைஞர்கள் ஆர்வம்’ என்று தலைப்பிட்டேன். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. நெருப்பு வந்தது என்று நான் எங்கும் எழுதவில்லை.

இதை ராஜமதிக்கு விளக்கிச் சொன்னேன். அவள் என்னை ஒரு புதிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஜெயபால் மனம் தளரவில்லை. என் ஒட்டடைக் கம்பை உடைத்து, சாரியின் கரைக்கிழிசலை நாணாகக் கட்டி, முழங்காலிட்டு இழுக்கத் தொடங்கினார். வேர்த்தது. பலகை பளபளப்பானது.

“வீடியோல ரெண்டே நிமிஷம்தான் ஆச்சி,” என்றார் மூச்சு வாங்க.

“நடுவுல வெட்டிப் போட்டிருப்பான்,” என்றாள் ராஜமதி. “உங்களயும் வீடியோ எடுத்து நடுவுல வெட்டினா பத்திக்கும்.”

எடுக்க முடியாது. எல்லா கைபேசிகளும் காலையிலேயே செத்துவிட்டிருந்தன.

பூச்சி பார்த்த விறகு

நெருப்பு வருகிறதோ இல்லையோ, விறகைத் தயாராக வைப்போம் என்று நான் சொன்னேன். மொட்டை மாடியில் பழைய கதவு நிலை ஒன்று ஒடிந்து கிடந்தது. ஜெயபால் அதைத் தூக்கி வந்தார்.

நயினார் அருகில் வைக்கச் சொன்னார். கண் சரியாகத் தெரியாது; விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

“கரையான் கீது. இது வாணாம்.”

அடுத்து, மொட்டை மாடிப் படிக்கு அடியில் நனையாமல் இருந்த தென்னை மட்டை. அதையும் தடவிப் பார்த்தார். விரலில் எறும்பு ஏறியது. அதை மெல்ல ஊதிக் கீழே இறக்கிவிட்டார்.

“கூட்டமா வந்திருக்குதுங்க, பாவம். அதுங்களும் வெள்ளத்துக்கு பயந்து மாடிக்கு வந்திருக்குதுங்க. நம்மள மாதிரிதான்.”

“மாமா, அப்ப எதத்தான் எரிக்கறது?”

“ஏன், மல்லாட்டத் தோலு எரியாதா? நல்லா எரியுமே.”

நால்வரும் மூட்டையைச் சுற்றி உட்கார்ந்து மல்லாட்டை உரித்தோம். உரிக்கும்போது உள்ளே புழு இருந்தால் தெரிந்துவிடும். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். எங்கள் மூவருக்கும் அதுவே பகல் சாப்பாடு. பல் செட் போய்விட்டதால் நயினார் உரிக்க மட்டும் செய்தார்.

அவருடைய வலது உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு கோடு இருப்பதைப் பார்த்து, என்ன என்று கேட்டேன்.

“இளவட்டத்துல கேப்பை அறுக்கப் போனப்ப அருவா பட்டுச்சிம்மா. பாதி கை வரைக்கும் போயி நின்னுச்சி. இங்க பாரு.” கையை விரித்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார். பிறகு அடுத்த மல்லாட்டையை எடுத்துக்கொண்டார்.

பால்கனியில் சன்ஷேடுக்குக் கீழே மூன்று செங்கல்களை அடுக்கினோம். தோலைக் குவித்தோம். அதன்மேல் நான் சேர்த்து வைத்திருந்த பழைய பத்திரிகைகளில் ஒரு கட்டைப் பிரித்துக் கிழித்துப் போட்டேன். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஏற்றினோம். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர.

கடிகாரம்

அப்போதுதான் ஜெயபால் அந்த வெள்ளித் தாள் வித்தையைச் சொன்னார். அதுவும் வீடியோதான். மெல்லிய வெள்ளித் தாளை நாடாவாகக் கத்தரித்து, நடுவில் மட்டும் நூல்போல ஒடுக்கி, இரண்டு நுனிகளையும் பேட்டரியின் இரண்டு பக்கத்திலும் பிடித்தால் நடுவில் பற்றும்.

பேட்டரிக்கு ரிமோட் இருந்தது. தாளுக்கு நயினாரின் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை உரித்தார். பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“அந்த ரிமோட்ட தெனம் நாலு தட்டு தட்டினாத்தான் சேனலே மாறுது,” என்றாள் ராஜமதி. “அதுல நெருப்பு வருமா?”

நான்கு பேரின் கண்களும் மெல்ல என் சுவர்க்கடிகாரத்தின் பக்கம் திரும்பின. அலுவலகத்தில் விடைபெற்ற நாளில் கொடுத்தது. அந்த மாதம்தான் புது பேட்டரி போட்டிருந்தேன்.

சிக்கல் உங்களுக்குப் புரிந்திருக்கும். சூரியன் முந்தின நாளிலிருந்து கண்ணில் படவில்லை. கைபேசி இல்லை. யார் கையிலும் வாட்ச் இல்லை. பொழுது சாய்ந்ததா இல்லையா என்று சொல்ல அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது அந்தக் கடிகாரம் ஒன்றுதான். அதை நிறுத்தினால்தான் நெருப்பு. நிறுத்தினால் நேரம் தெரியாது.

“நேரம் தெரிஞ்சி இன்னா பண்றது? தண்ணி இல்லியே,” என்றார் நயினார். “கயட்டுங்க.”

ஜெயபால் நாற்காலியில் ஏறிக் கழற்றினார். ஐந்து அடிக்கச் சற்று இருக்கும்போது முள் நின்றது.

புது பேட்டரிக்கும் மாத்திரைத் தாள் மசியவில்லை. தடித்த தாள். விரல் சுட்டதே தவிரப் பற்றவில்லை. பிஸ்கட் உறை வெறும் பிளாஸ்டிக்.

“காகிதத்துல ஒட்டின வெள்ளித் தாளா இருக்கணும்,” என்று ஜெயபால் முணுமுணுத்தார்.

அவர் பார்வை பீரோவின் மேல்மூலைக்குப் போய், திரும்பி, மாமனாரின் வெடித்த உதடுகளில் நின்றது. மறுபடி மேலே போனது. இந்த மாதிரி முகத்தை நான் விழுப்புரம் கோர்ட் வராந்தாவில் பார்த்திருக்கிறேன்; வக்கீல் வரும்வரை காத்திருக்கும் முகம்.

“மொட்ட மாடில எங்கியாச்சும் கெடக்குதா பாக்கறேன்,” என்று எழுந்தார். போகும்போது வண்டி பேப்பர் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

பறந்து வந்த தாள்

கொஞ்ச நேரத்தில் திரும்பினார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கையில் நகம் நீளத்துக்கு ஒரு வெள்ளித் தாள்.

“எங்க கெடச்சிது?” என்றாள் ராஜமதி.

“மேலதான். காத்துல பறந்து வந்துச்சி.”

ராஜமதி தாளை வாங்கினாள். இரண்டு விரலால் தேய்த்தாள். காதருகே கொண்டுபோய் அசைத்தாள். அது சரசரத்தது.

“இந்த மழைல பறந்து வந்துச்சி. நனையாம.”

“ஜல்தி குடு ராஜி, பொழுது போவுது.”

அவர் கத்தரித்துப் பிடித்தார். நடுவில் சட்டென்று ஒரு மஞ்சள் பூ பூத்தது. நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். காகிதத்துக்குக் கொண்டுபோவதற்குள் அது அணைந்துவிட்டது.

தாள் தீர்ந்தது.

நயினார் தொண்டையைச் செருமினார். “இன்னொண்ணு பறந்து வருமா பாருங்க, மாப்ள.”

ஜெயபால் எழுந்து போனார். இம்முறை மொட்டை மாடிக்குப் போகவில்லை. கதவுக்குப் பின்னால் சென்று உடனே திரும்பி வந்து, பாதி நிறைந்த ஒரு சிகரெட் பாக்கெட்டை மாமனாரின் முன் தரையில் வைத்தார். வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ராஜமதி பாக்கெட்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அதற்கு முன் வேறொன்று வந்தது. நம்பிக்கை.

“அப்ப தீப்பெட்டி? தீப்பெட்டியும் வச்சிருப்பீங்கல்ல?”

“இல்ல.”

“லைட்டர்?”

“சட்டப் பாக்கெட்டுல வச்சா தொவைக்கறப்ப உன் கைல மாட்டும். கடைல கட்டித் தொங்கவுட்டிருப்பாங்கல்ல, நெருப்புக் கயிறு. அதுலயே பத்த வச்சிக்குவேன்.”

ராஜமதி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். “ஒரு தப்பக்கூட முழுசா பண்ணத் தெரியாதா உங்களுக்கு?”

நயினார் பாக்கெட்டைக் கையில் எடுத்தார். உள்ளிருந்த வெள்ளித் தாளை முழுதாக உருவி மருமகனிடம் கொடுத்தார். “இந்த வாட்டி பஞ்சு வச்சிப் புடிங்க,” என்றார்.

என் மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்துப் பிய்த்துக் கொடுத்தேன். தாள் பூத்தது. பஞ்சு பிடித்தது. பஞ்சிலிருந்து பத்திரிகைக்குப் போனது. அது, பெயர் போட்டு நான் எழுதிய ஒரு தொடர்கட்டுரையின் பக்கம். வெளிவந்தபோது அதற்கு இவ்வளவு வேகமான வரவேற்பு இருக்கவில்லை.

மளமளவென்று அல்ல. முதலில் ஓரம் கறுத்தது, பிறகு சுருண்டது, பிறகு மல்லாட்டைத் தோலுக்குள் எதையோ தேடுவதுபோல இறங்கியது. ராஜமதி குப்புறப் படுத்து ஊதினாள். அடுப்பு எரிந்தது.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கோயில் எடுத்தேன் என்று ஒரு பல்லவ ராஜா மண்டகப்பட்டுப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார். தீப்பெட்டி, லைட்டர், சூரியன் எதுவுமில்லாமல் அடுப்பு மூட்டிய ஜெயபாலுக்கு வெட்டி வைக்கப் பாறை இல்லை. இருந்திருந்தாலும் ராஜமதி விட்டிருக்கமாட்டாள்.

நயினார் மீதிச் சிகரெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கட்டைவிரல் நகத்தில் தட்டினார். காதருகே வைத்துக் கேட்டார்.

“பூச்சி இல்ல,” என்றார். “போடலாம்.”

ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டார். ஜெயபால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

எதிர் மாடியிலிருந்து செல்வத்தின் குரல் வந்தது. “ஏம்மா! பத்திக்கிச்சா? இன்னா அது, சிகரெட்டு வாசன வருது?”

“வண்டி பேப்பர் எரியுதுண்ணே!” என்று கத்தினாள் ராஜமதி.

ரேகை

தண்ணீர் கொதிப்பதற்குள் வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. மேகத்தாலா, சூரியன் போனதாலா என்று தெரியவில்லை. பேட்டரியைத் திரும்பக் கடிகாரத்தில் போட்டேன். அது தன் உயிரை நெருப்புக்குக் கொடுத்துவிட்டிருந்தது. நொடிமுள் இருந்த இடத்திலேயே துடித்தது, நகரவில்லை.

ராஜமதி பாத்திரத்தை இறக்கி, கேப்பை மாவு கரைத்த இன்னொன்றைக் கஞ்சிக்கு ஏற்றிவிட்டு, தண்ணீரை இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றினாள். இவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஆற்றப்படுவதை நான் எந்த டீக்கடையிலும் பார்த்ததில்லை.

“குடிங்கப்பா.”

“பொழுது கீதா?”

ராஜமதி சுவரைப் பார்த்தாள். “அஞ்சுகூட ஆவலப்பா. கடிகாரத்துல பாருங்க.”

“செத்ததச் சாட்சிக்குக் கூப்புடாத.”

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அடுப்பு வெளிச்சம் படாத படிக்கட்டுப் பக்கம் போனார். நாங்கள் பின்னால் போனோம். ராஜமதியின் கையில் டம்ளர் இருந்தது.

“வெளக்கு இல்லாம கைரேகை தெரிஞ்சா பகலு. தெரியலன்னா ராத்திரி. எங்கூட்ல அப்பிடித்தான் பாப்போம்,” என்றார். “எனக்குக் கண்ணு மத்தியானத்துலயே தெரியல. யாராச்சும் பாருங்க.”

“நான் பாக்கறேம்பா.”

“நீ வாணாம். நீ அமாவாசைலகூடத் தெரியுதும்ப.” என் பக்கம் திரும்பினார். “நீயும் வாணாம்மா. நெருப்பு வராததுக்கே நெருப்பு வந்தாப்ல எழுதின ஆளு.”

வலது கையை விரித்து ஜெயபாலிடம் நீட்டினார்.

“நீங்க பாருங்க, மாப்ள. கல்யாணமான நாளா எங்கிட்ட மறச்சிகினு இருந்தீங்க. இன்னிக்கி ஒண்ணு நெஜமா சொல்லுங்க.”

ஜெயபால் அந்தக் கையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். குனிந்தார். முகத்தை மிக அருகில் கொண்டுபோனார். ராஜமதி டம்ளரைப் பிடித்த கையை அசைக்காமல் நின்றாள். நான் ஓரமாக என் உள்ளங்கையைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு கை இருந்தது. அதற்குமேல் உறுதியாகச் சொல்ல முடியாது.

“தெரியுது, மாமா.”

“எத்தினி?”

“பெருசா மூணு.” ஒரு கணம் நிறுத்தினார். “நாலாவதா ஒண்ணு. வெள்ளையா. பாதி கைல வந்து நின்னுடுது.”

“அது ரேக இல்ல. அருவா.” நயினார் தலையை ஆட்டினார். “அது தெரியுதுன்னா பகலுதான். குடும்மா.”

இரண்டு டம்ளர் குடித்தார். அண்ணாந்து, உதட்டில் படாமல், நிறுத்தாமல். தொண்டை ஏறி இறங்குவதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ராஜமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள்.

மத்தியானம் மல்லாட்டை உரிக்கும்போது அந்த அரிவாள் வெட்டைப் பற்றி அவர் சொன்னபோது ஜெயபாலும் வட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அது எனக்கு நினைவிருந்தது. எனக்கு நினைவிருந்தால் நயினாருக்கும் இருந்திருக்கும். அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

“கஞ்சியும் கொதி வந்துருச்சிப்பா,” என்றாள் ராஜமதி. “ஒரு வாய் குடிச்சிடுங்க. ஏங்க, இன்னொரு வாட்டி அப்பா கையப் பாருங்க.”

நயினார் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“கஞ்சிய நீங்க குடிங்க. ஒரு நாளைக்கி ஒரு வாட்டிதான் மாப்ளயக் கேக்கலாம்.”